அழிக்கப்பட்ட ஊரும் அங்கே வந்த விருந்தாளிகளும்

ஒரு ஊரை எரித்துவிட்டு, அந்த 'சாதனை'க்காகப் பதக்கம் அடித்துக் கொண்டாடிய ராஜாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பிரான்ஸின் பதினான்காம் லூயிதான் அவர். 1693-ல் அடித்த அந்தப் பதக்கத்தின் வாசகம் லத்தீனில் இரண்டே வார்த்தைகள். 'ஹைடல்பர்க் அழிக்கப்பட்டது' என்று அர்த்தம்.

லூயி போட்ட கணக்கு தப்பாகிவிட்டது. ஜெர்மனிக்குச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியலில் இன்றைக்கும் ஹைடல்பர்க் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அங்கே போகிறவர்கள் முதலில் பார்க்கக் கிளம்புவதே லூயியின் படைகள் இடித்துப் போட்ட கோட்டையைத்தான்!

அழித்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட ஊர் எப்படிப் பிழைத்தது? அதில் உள்ளூர்க்காரர்களின் உழைப்பு பாதி. மீதிப் பாதியில், அங்கே சும்மா பார்க்க வந்த வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களுடைய கதைதான் இது.

முதலில் ஊரைப் பற்றி...

நெக்கார் ஆறு மலைகளுக்கு இடையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் இடத்தில் இருக்கிறது ஹைடல்பர்க். ஆற்றின் தென்கரையில் பழைய ஊர். ஊருக்கு மேலே மலைச்சரிவில் சிவப்பு மணற்கல்லால் கட்டிய கோட்டை. எதிர்க்கரையில் இன்னொரு மலை. பாலத்தில் நின்றால் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

1196-ம் வருட ஆவணம் ஒன்றில் இந்த ஊரின் பெயர் முதன்முதலாக வருகிறது. புனித ரோமப் பேரரசில் பேரரசரைத் தேர்ந்தெடுக்க ஏழு பேருக்குத்தான் ஓட்டு இருந்தது. அந்த ஏழு பேருக்கு எலெக்டர் என்று பெயர். அவர்களில் ஒருவரான பாலட்டினேட் எலெக்டரின் தலைநகர் இது. 1386-ல் எலெக்டர் முதலாம் ரூப்ரெக்ட் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். இன்றைய ஜெர்மனியின் எல்லைக்குள் இருக்கும் பல்கலைக்கழகங்களில் வயதில் மூத்தது இதுதான்.

ஊர் நன்றாக வாழ்ந்த காலத்தில் வந்த பிரபலமான விருந்தாளி மார்ட்டின் லூதர். 1518 ஏப்ரலில், பெரும்பாலும் கால்நடையாகவே வந்து சேர்ந்தார். திருச்சபையைக் கேள்வி கேட்ட அவருடைய 95 கருத்துகள் வெளியாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவருடைய துறவிகள் சபை ஹைடல்பர்க்கில் கூடியபோது ஒரு விவாதம் நடந்தது. அதைக் கேட்டவர்களில் ஒருவரான மார்ட்டின் பூட்ஸர் பின்னாளில் தானே பெரிய சீர்திருத்தவாதி ஆனார். விவாதம் ஒரு பக்கம் இருக்க, கோட்டைக்குள் தனக்குக் கிடைத்த உபசரிப்பையும், தனக்குச் சுற்றிக் காட்டப்பட்டவற்றையும் லூதர் கடிதத்தில் சந்தோஷமாக எழுதியிருக்கிறார். கோட்டை முழுசாக இருந்த காலத்தில் அதைப் பார்த்த அதிர்ஷ்டசாலி!

அடி மேல் அடி

1613-ல் எலெக்டர் ஐந்தாம் ஃபிரெடெரிக், இங்கிலாந்து ராஜாவின் மகள் எலிசபெத்தைக் கல்யாணம் செய்து கொண்டு ஊருக்கு அழைத்து வந்தார். இரண்டு பேருக்கும் வயது 16. வாணவேடிக்கையோடு வரவேற்பு. மனைவிக்காகக் கோட்டையில் ஒரு வாசல் எழுப்பினார். மலைச்சரிவை வெட்டிப் பெரிய தோட்டம் ஒன்றையும் ஆரம்பித்தார்.

அந்தத் தோட்டம் முடியவே இல்லை. 1619-ல் போஹிமியாவின் கிரீடம் தேடி வந்தது. வாங்கித் தலையில் வைத்துக் கொண்டார். மறு வருடம் நவம்பரில் ஒரே போரில் எல்லாம் போய்விட்டது. ஒரு குளிர்காலம் மட்டும் ஆண்டவர் என்பதால் 'குளிர்கால ராஜா' என்று கேலிப் பெயர் மிஞ்சியது. இதுவே முப்பதாண்டுப் போரின் தொடக்கம்.

1622-ல் தளபதி டில்லியின் படை ஹைடல்பர்க்கைப் பிடித்தது. அங்கே இருந்த நூலகம் ஐரோப்பாவின் பெரிய நூலகங்களில் ஒன்று. 1623-ல் அதைக் கட்டிக் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ரோமுக்கு, போப்புக்குப் பரிசாகக் கொண்டு போனார்கள். ஜெர்மன் மொழியில் இருந்த 847 கையெழுத்துப் பிரதிகள் 1816-ல் திரும்பி வந்தன. லத்தீன், கிரேக்கப் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவை இன்றும் வாட்டிகனில்தான் இருக்கின்றன.

அடுத்த அடி ஒரு கல்யாணத்தால் வந்தது. குளிர்கால ராஜாவின் பேத்தி லீஸலோட்டே, 1671-ல் பதினான்காம் லூயியின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டுப் பிரான்ஸ் போனார். 1685-ல் அவருடைய அண்ணன் வாரிசு இல்லாமல் இறந்ததும், தம்பி மனைவியின் சொத்து என்று சொல்லிப் பாலட்டினேட்டைக் கேட்டார் லூயி. சண்டை மூண்டது. 1689-ல் ஊரும் கோட்டையும் எரிந்தன. மிச்சம் இருந்ததை 1693-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். தன் பெயரைச் சொல்லித் தன் பிறந்த ஊரை அழிக்கிறார்களே என்று, அழித்தவனின் அரண்மனையில் உட்கார்ந்து கொண்டு லீஸலோட்டே கடிதம் கடிதமாகப் புலம்பினார். வேறு என்ன செய்ய முடியும்?

ஊரின் நடுவே தப்பிய வீடு ஒன்று உண்டு. மத வேறுபாட்டால் பிரெஞ்சு பேசும் நாட்டிலிருந்து தஞ்சம் தேடி வந்த ஒரு ஜவுளி வியாபாரி 1592-ல் கட்டிய கல்வீடு அது. 'ரிட்டர்' என்ற ஹோட்டலாகப் பின்னாளில் பெயர் பெற்றது. அரண்மனை விழுந்தது, துணிக்கடைக்காரர் வீடு நின்றது!

அதன்பின் ஆட்சியும் கைவிட்டுப் போனது. மதச் சண்டையில் ஊர் மக்களோடு மனஸ்தாபப்பட்ட எலெக்டர் 1720-ல் தலைநகரை மன்ஹைமுக்கு மாற்றிக் கொண்டார். 1764-ல் கோட்டையை இடி தாக்கியது. தீ பரவி, பழுது பார்த்து வைத்திருந்ததும் எரிந்தது. அதற்குப் பிறகு கோட்டை ஒரு கல் குவாரி மாதிரி ஆகிவிட்டது. வீடு கட்ட வேண்டுமா? மேலே போய்க் கல் எடுத்து வா! ஊர் மக்களைக் குறை சொல்லியும் பயனில்லை. சோற்றுக்கு வழி தேடுகிறவனுக்கு ராஜாவின் உடைந்த சுவர் வெறும் கல்தானே.

கதே பார்த்த கோபுரம்

இந்த நேரத்தில்தான் வேறு மாதிரியான ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆட்சியில் பங்கு கேட்டோ, கொள்ளை அடிக்கவோ வராமல், பார்க்க மட்டும் வந்தவர்கள்.

மகாகவி கதே ஹைடல்பர்க்குக்குப் பல முறை வந்திருக்கிறார். 1779-ல் வந்தபோது கோட்டையின் வெடித்த கோபுரத்தைப் படம் வரைந்தார். ஆறு மீட்டருக்கு மேல் கனமான சுவர் கொண்ட கோபுரம் அது. 1693-ல் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த வெடியில் பாதி அப்படியே பிளந்து, உடையாமல் சரிந்து பள்ளத்தில் சாய்ந்து கிடக்கிறது. ஊர்க்காரர்கள் தினமும் பார்த்துப் பழகிப்போன அந்தக் காட்சியை வெளியூரிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்து வரைகிறார் என்பதே ஒரு செய்திதான்.

1797-ல் மறுபடி வந்தார். அதற்குள் ஊருக்குப் புதிய கல்பாலம் வந்திருந்தது. 1784-ல் பனிக்கட்டியோடு வந்த வெள்ளம் பழைய பாலத்தை அடித்துப் போனதால் 1788-ல் கட்டி முடித்த பாலம் அது. அதன் வளைவுகள் வழியே மலையும் ஆறும் தெரியும் அழகைக் கதே குறிப்பேட்டில் மனம் விட்டுப் பாராட்டியிருக்கிறார். 1815-ல் கடைசியாக வந்தபோது மரியன்னே என்ற தோழியோடு கோட்டைத் தோட்டத்தில் நடந்தார். பாரசீகக் கவி ஹாஃபிஸைப் படித்த ஈர்ப்பில் அப்போது எழுதிக் கொண்டிருந்த கவிதைகள் 1819-ல் 'மேற்கு-கிழக்கு திவான்' என்ற நூலாயின. இந்த நூலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வரும்.

எரித்தவர் நாட்டிலிருந்து ஒரு காவல்காரர்

கதையின் உண்மையான ஹீரோ ஒரு பிரெஞ்சுக்காரர் என்றால் ஆச்சரியமாக இல்லையா? சார்ல்ஸ் தெ கிரைம்பெர்க் என்ற அவர் பிரபு குடும்பத்தில் 1774-ல் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியில் நாட்டை விட்டு ஓடி வந்த குடும்பம். 1810-ல் கோட்டையை வரையலாம் என்று ஹைடல்பர்க்குக்கு வந்தார். வந்தவர் போகவே இல்லை. 1864-ல் தன் தொண்ணூறாவது வயதில் அங்கேயே இறந்தார்.

54 வருடம் என்ன செய்தார்? முதலில் கல் திருட்டை நிறுத்தினார். சம்பளம் இல்லாத காவல்காரராகக் கோட்டையிலேயே கொஞ்ச காலம் தங்கி, யார் வந்து கல் பெயர்க்கிறார்கள் என்று பார்த்துக் கொண்டிருந்தார். இரண்டாவதாக, கோட்டையை விதம் விதமாக வரைந்து, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்துப் பயணிகளுக்கு விற்றார். போட்டோ, போஸ்ட் கார்டு எதுவும் இல்லாத காலம். வந்தவர்கள் வாங்கிப் போனார்கள். அதை ஊரில் பார்த்தவர்கள், 'இது எங்கே இருக்கிறது?' என்று கேட்டுக் கிளம்பி வந்தார்கள். வந்தவர்களுக்காகக் கோட்டைக்கு ஒரு கையேடும் எழுத வைத்தார். மூன்றாவதாக, ஊரைப் பற்றிய பழம்பொருட்களைச் சொந்தக் காசில் வாங்கிச் சேர்த்தார். அந்தச் சேகரிப்புதான் இன்றைய ஹைடல்பர்க் அருங்காட்சியகத்தின் அடிப்படை.

வணிகக் கண்ணால் பார்த்தால் அவர் செய்தது ரொம்ப எளிமை. ஊர் மக்களுக்கு ஒரு கல்லின் விலை, அதை வைத்து எழுப்பும் சுவரின் மதிப்பு. கல் அதே இடத்தில் இருந்தால், அதைப் பார்க்க வருகிறவர் சத்திரத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கும் காசு வருடா வருடம் வரும். இந்தக் கணக்கு ஊருக்குப் புரிய ஒரு வெளிநாட்டுக்காரர் வர வேண்டியிருந்தது.

ரயில் ஏறி வந்தவர்கள்

1840 செப்டம்பரில் மன்ஹைமுக்கும் ஹைடல்பர்க்குக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. அதே வருடம் இலையுதிர் காலத்தில் விக்டர் ஹியூகோ வந்தார். இரவில் தனியாக இடிபாடுகளுக்குள் அலைவது அவருக்குப் பிடித்துப் போனது. ஐரோப்பாவை உலுக்கிய சண்டைகள் அத்தனையும் இந்த ஒரு கோட்டையின் மேல் வந்து விழுந்திருக்கின்றன என்று அவருக்குத் தோன்றியது. ரைன் நதிப் பயணத்தைப் பற்றிய அவருடைய நூலில் ஹைடல்பர்க்குக்கு நீண்ட கடிதம் ஒன்றை ஒதுக்கியிருக்கிறார். ஆங்கில ஓவியர் டர்னரும் இந்த ஊருக்கு வந்து போய், கோட்டையும் பாலமும் பொன்வெயிலில் கரைவது போன்ற படங்களை வரைந்தார்.

1878-ல் வந்தார் மார்க் ட்வைன். மே மாதம் குடும்பத்தோடு வந்து, கோட்டைக்கும் மேலே இருந்த ஹோட்டலில் தங்கி, ஜூலை வரை இருந்தார். முதலில் அவரும் எல்லாரையும் போல அழகில் மயங்கத்தான் செய்தார். ராத்திரியில் கீழே ஊரின் விளக்குகள் தெரிவதை அவ்வளவு ரசித்திருக்கிறார். ஆனால் நக்கல் இல்லாமல் ட்வைன் ஏது?

கோட்டையின் பாதாள அறையில் ஒரு பிரம்மாண்டமான ஒயின் பீப்பாய் இருக்கிறது. 1751-ல் செய்தது. கொள்ளளவு 2,21,726 லிட்டர். குடியானவர்கள் வரியாகக் கொடுக்கும் ஒயினை, நல்லது கெட்டது பார்க்காமல் ஒன்றாகக் கொட்டி வைப்பதற்காகச் செய்தார்கள். அதன் மேலேயே ஆடுவதற்கு ஒரு மேடை வேறு! ட்வைன் பார்த்தபோது அது காலி. காலிப் பீப்பாய் எவ்வளவு பெரியதாக இருந்தால் என்ன என்று கேலி செய்துவிட்டுப் போய்விட்டார்.

மாணவர்கள் கத்திச் சண்டை போடுவதை மட்டும் அவர் லேசாக எடுத்துக் கொள்ளவில்லை. வீரத்தைக் காட்ட முகத்தில் வெட்டு வாங்கிக் கொள்வதும், அந்தத் தழும்பைப் பெருமையாகத் தூக்கிக் கொண்டு திரிவதும் அந்தக் காலத்து வழக்கம். நேரில் பார்த்த ட்வைன் ரத்தம், தையல், முனகல் எல்லாவற்றையும் விவரமாக எழுதினார். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு சிறை இருந்தது. குடித்துக் கலாட்டா செய்த மாணவர்கள் அங்கே சில நாள் அடைபட்டுச் சுவரெல்லாம் கிறுக்கி வைத்தார்கள். 1914 வரை நடந்த அந்தச் சிறையையும் அவர் போய்ப் பார்த்தார். எல்லாம் சேர்ந்து 1880-ல் பயண நூலாக வந்தது. ஜெர்மன் மொழியின் இலக்கணத்தைக் கிண்டலடிக்கும் அவருடைய பிரபலமான கட்டுரை அந்த நூலின் பிற்சேர்க்கைதான்.

ஊர் ஞாபகத்தோடு வந்தவர்கள்

ட்வைனுக்கு எட்டு வருடம் கழித்து, 1886 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு இளம் டாக்டர் வந்தார். பெயர் ஹோசே ரிசால். வயது 24. கண் மருத்துவம் கற்றுக் கொள்ள வந்தவர். அம்மாவுக்குப் பார்வை மங்கிக் கொண்டிருந்தது. பகலில் ஆஸ்பத்திரி, மீதி நேரத்தில் ஒரு நாவல். ஏப்ரலில் நெக்கார் கரையில் பூத்த பூக்களைப் பார்த்து ஒரு கவிதை எழுதினார். என் நாட்டுக்குப் போய் என் அன்பைச் சொல்லுங்கள் என்று பூக்களைத் தூது அனுப்புகிற கவிதை. கோட்டையைப் பார்த்து எல்லாரும் இறந்த காலத்தை நினைத்தார்கள். ரிசாலுக்கோ கடல் தாண்டி இருக்கும் அடிமைப்பட்ட தன் நாடு ஞாபகம் வந்தது.

பக்கத்து மலைக் கிராமத்தில் ஒரு பாதிரியார் வீட்டில் தங்கி நாவலைத் தொடர்ந்தார். பல்கலைக்கழகத்தின் 500-வது ஆண்டு விழாவைப் பார்த்துவிட்டு ஊரை விட்டுக் கிளம்பினார். 1887-ல் பெர்லினில் அச்சான அந்த நாவல் ஸ்பானிய ஆட்சியை உலுக்கியது. 1896 டிசம்பர் 30-ல் மணிலாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் தங்கிய கிராமத்தில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது.

1907-ல் நம் துணைக்கண்டத்திலிருந்தே ஒருவர் வந்தார். முகமது இக்பால். ஜெர்மன் மொழி கற்றுக் கொள்ளச் சில மாதங்கள் இங்கே தங்கினார். நிலவொளியில் நெக்கார் கரை அமைதியாக இருப்பதைப் பற்றி உருதுவில் ஒரு சிறு கவிதை எழுதினார். கதேயின் 'திவான்' ஞாபகம் இருக்கிறதா? அந்த நூலுக்குப் பதிலாக 1923-ல் இக்பால் பாரசீக மொழியில் ஒரு நூல் எழுதினார். கிழக்கைப் படித்து மேற்கு எழுதிய நூலுக்குக் கிழக்கின் பதில்! ஹைடல்பர்க்கின் ஆற்றங்கரைச் சாலை ஒன்று இன்று இக்பாலின் பெயரில் இருக்கிறது. 1962-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் தமிழும் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது நமக்கு ஒரு கூடுதல் சந்தோஷம்.

கட்டுவதா, விடுவதா?

இதற்கிடையில் ஒரு பெரிய சண்டை நடந்தது. 1871-ல் ஜெர்மனி ஒரே நாடானதும், கோட்டையை மறுபடி முழுசாகக் கட்ட வேண்டும் என்று குரல் எழுந்தது. 1897 முதல் 1900 வரை ஒரு பகுதியைப் புதுப்பித்தும் விட்டார்கள். அடுத்த பகுதியில் கை வைக்கப் போனபோது, 1901-ல் கியோர்க் டேஹியோ என்ற கலை வரலாற்று அறிஞர் எதிர்த்து எழுதினார். இருப்பதைக் காப்பாற்றுங்கள், இல்லாததைக் கற்பனை செய்து கட்டாதீர்கள் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். பல வருட வாக்குவாதத்துக்குப் பிறகு இடிபாடு இடிபாடாகவே நின்றது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையில் இன்றும் இந்தச் சண்டையை உதாரணம் காட்டுகிறார்கள். நூறு வருடமாகப் பயணிகள் அந்த இடிபாட்டை நேசித்திருக்காவிட்டால் இப்படி ஒரு வாதம் எடுபட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

பயணிகள் கண்ணில் படாதது

பயணிகளின் கண் எல்லாவற்றையும் பார்க்கும் என்று நினைத்தால் அதுவும் தப்பு.

முன்னாள் மாணவரும் அமெரிக்கத் தூதராக இருந்தவருமான ஜேக்கப் ஷுர்மன், அமெரிக்காவில் நன்கொடை திரட்டிக் கொடுத்ததில் 1931-ல் பல்கலைக்கழகத்துக்குப் புதிய கட்டடம் எழுந்தது. வாசலில் 'உயிருள்ள சிந்தைக்கு' என்ற பொருளில் ஒரு வாசகம் பொறித்தார்கள். அந்த வாசகத்தைத் தந்தவர் யூதப் பேராசிரியர் குண்டோல்ஃப். நாஜிகள் வந்ததும் அதை 'ஜெர்மானிய சிந்தைக்கு' என்று மாற்றினார்கள். யூதப் பேராசிரியர்கள் துரத்தப்பட்டார்கள்.

1936-ல் 550-வது ஆண்டு விழா. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் ஆள் அனுப்ப மறுத்துவிட்டன. அமெரிக்காவின் சில பெரிய பல்கலைக்கழகங்கள் அனுப்பின. அதே கோட்டை, அதே ஆறு, அதே வரவேற்பு. ரிசால் பார்த்த விழாவுக்கும் இதற்கும் சரியாக ஐம்பது வருடம் இடைவெளி. அழகான ஊர் என்பதால் அங்கே நடப்பதும் அழகாகிவிடுமா? இரண்டே வருடத்தில், 1938 நவம்பரில், ஊரின் யூதக் கோவில் எரிந்தது. 1940 அக்டோபர் 22-ல் அந்த வட்டாரத்து யூதர்கள் 6,500 பேர் அளவில் பிரான்ஸின் கூர்ஸ் முகாமுக்கு ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஹைடல்பர்க்காரர்களும் இருந்தார்கள். எந்தப் பயண நூலிலும் வராத பயணம் இது.

உலகப் போரில் பக்கத்தில் இருந்த மன்ஹைம் குண்டுவீச்சில் நொறுங்கியது. ஹைடல்பர்க் ஏறக்குறைய முழுசாகத் தப்பியது. அமெரிக்கர்கள் அந்த ஊரின் மேல் வைத்த காதலால்தான் விட்டுவைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் கிடையாது. கதே ரசித்த பாலத்தை 1945 மார்ச் 29-ல் உடைத்தது, பின்வாங்கிய ஜெர்மன் படையேதான். மறுநாள் அமெரிக்கர்கள் நுழைந்தார்கள். 1947-ல் பாலத்தைத் திரும்பக் கட்டினார்கள். பல்கலைக்கழக வாசலில் பழைய வாசகமும் திரும்பி வந்தது. ஐரோப்பாவுக்கான அமெரிக்க ராணுவத் தலைமையகம் அங்கே பல பத்தாண்டுகள் இருந்து, 2013-ல் கிளம்பியது.

இன்று...

கோடை காலத்தில் சில இரவுகளில் ஹைடல்பர்க்கில் ஒரு நிகழ்ச்சி நடக்கும். விளக்குகள் அணையும். கோட்டை முழுவதும் செக்கச் செவேலென்று ஒளிரும். 1689-லும் 1693-லும் எரிந்ததை அப்படிக் காட்டுகிறார்கள். அடுத்து ஆற்றின் மேல் வாணவேடிக்கை. அது 1613-ல் 16 வயது மணப்பெண்ணை வரவேற்ற வாணவேடிக்கையின் ஞாபகம். ஊர் தன் அழிவையும் கல்யாணத்தையும் ஒரே இரவில் நினைத்துக் கொள்கிறது. கரையில் நின்று பார்ப்பவர்களில் உலகத்தின் எல்லா மூலைக்காரர்களும் இருப்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் உட்பட. பிரான்ஸின் மோன்பெலியே 1961 முதல் ஹைடல்பர்க்கின் சகோதர நகரம்.

லூயியின் பதக்கம் இப்போது அருங்காட்சியகங்களில் ஒரு காட்சிப் பொருள். அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, வெளியே வந்து ஊரைச் சுற்றிப் பார்க்கலாம்!